66 பேர் எங்கே போனார்கள்?

குட்டீஸ்! முதலில் ஒரு சின்னக் கணக்கு. ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் மொத்தம் 72 பிள்ளைகள். ஒரு நாள் காலையில் மணி அடித்தது. வகுப்பில் வந்து உட்கார்ந்தது 6 பேர்தான். வராதவர்கள் எத்தனை பேர்?

66! சரியாகச் சொல்லிவிட்டீர்கள். ஆனால், அந்த 66 பேரும் எங்கே போனார்கள் என்று உங்களால் சொல்ல முடியாது. அவர்களுக்குக் காய்ச்சல் இல்லை. ஊரில் திருவிழாவும் இல்லை. கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு, கையில் கொடி பிடித்துக்கொண்டு தெருவில் ஊர்வலம் போய்க்கொண்டிருந்தார்கள். 'எங்கள் டீச்சர் எங்களுக்குத் திரும்ப வேண்டும்' என்பதுதான் அவர்களுடைய கோரிக்கை.

இது நடந்தது 1914ம் ஆண்டு, ஏப்ரல் 1ம் தேதி. முட்டாள்கள் தினம் ஆயிற்றே என்று சிரிக்கிறீர்களா? அன்று பள்ளிக்கூடத்தை நடத்தியவர்களும் இரண்டு நாளில் எல்லாம் சரியாகிவிடும் என்றுதான் நினைத்திருப்பார்கள். ஆனால், அந்தப் பிள்ளைகள் தொடங்கிய வேலைநிறுத்தம் முடிய 25 ஆண்டுகள் ஆயின! பிரிட்டன் வரலாற்றிலேயே மிக நீண்ட வேலைநிறுத்தம் இதுதான் என்கிறார்கள். அதைச் செய்தது ஆலைத் தொழிலாளர்கள் இல்லை, உங்களைப் போன்ற வாண்டுகள்!

அந்தக் கிராமத்தின் பெயர் பர்ஸ்டன். இங்கிலாந்தின் கிழக்குப் பக்கத்தில் நார்போக் என்ற பகுதி இருக்கிறது. மலையே கண்ணில் படாத சமவெளி. எங்கு பார்த்தாலும் கோதுமை, பார்லி வயல்கள். அங்கே டிஸ் என்ற சிறிய ஊருக்குப் பக்கத்தில்தான் பர்ஸ்டன் இருக்கிறது. ஒரு தேவாலயம், நடுவில் ஒரு புல்வெளித் திடல், சுற்றிலும் வீடுகள், ஒரு பள்ளிக்கூடம். இங்கிலாந்தில் இப்படி ஆயிரக்கணக்கான கிராமங்கள் உண்டு.

காக்கா விரட்டும் வேலை

இந்தக் கதை புரிய வேண்டும் என்றால், அந்தக் காலத்தில் இங்கிலாந்துக் கிராமத்துப் பிள்ளைகள் எப்படி இருந்தார்கள் என்று தெரிய வேண்டும். இங்கிலாந்துப் பிள்ளைகள் என்றதும் கோட்டு, சூட்டு, டை, கையில் கேக் என்று கற்பனை செய்கிறீர்கள் அல்லவா? அது பணக்கார வீட்டுப் பிள்ளைகள். கிராமத்துக் கூலித் தொழிலாளி வீட்டுப் பிள்ளைகளின் கதை வேறு.

விதை விதைத்த வயலில் காக்கைகள் வந்து உட்காரும். அவற்றை விரட்ட ஒரு சிறுவனை நிறுத்திவிடுவார்கள். அவன் கையில் மரத்தால் செய்த ஒரு கிலுகிலுப்பை இருக்கும். அதை ஆட்டினால் 'பட பட' என்று சத்தம் போடும். விடிந்ததில் இருந்து இருட்டும் வரை, குளிரோ மழையோ, தனியாக நின்று அதை ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். வயலில் கல் பொறுக்குவது, உருளைக்கிழங்கு பொறுக்குவது, அறுவடை முடிந்த பின் சிந்திய கதிர்களைச் சேகரிப்பது எல்லாமே பிள்ளைகள் செய்த வேலைகள்தான். பெரியவர்களுக்குக் கொடுக்கும் கூலியில் சிறு பங்கு கொடுத்தால் போதும் என்பதால், பண்ணைக்காரர்களுக்குச் சிறுவர்கள் என்றால் கொள்ளை ஆசை!

இத்தனைக்கும், 1880ம் ஆண்டிலேயே இங்கிலாந்தில் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போவது கட்டாயம் என்று சட்டம் வந்துவிட்டது. சட்டம் ஏட்டில் இருந்தது. பிள்ளைகள் வயலில் இருந்தார்கள்.

இதெல்லாம் நமக்கு எப்படித் தெரிகிறது? அங்கே 1862ம் ஆண்டில் இருந்து அரசு உதவி பெறும் பள்ளிக்கூடங்களில் தலைமை ஆசிரியர்கள் ஒரு குறிப்பேடு எழுதியாக வேண்டும் என்று விதி வந்தது. இன்று எத்தனை பேர் வந்தார்கள், யாருக்கு அம்மை போட்டிருக்கிறது, அறுவடைக்குப் போய்விட்டதால் எத்தனை பேர் வரவில்லை... எல்லாம் அதில் இருக்கும். அந்த ஏடுகள் பல இன்றும் பத்திரமாக இருக்கின்றன. ராஜா, ராணி கதையை விட அவற்றைப் படிப்பது எனக்கு அதிக சுவாரஸ்யம்!

புது டீச்சர் வந்தார்

கிட்டி ஹிக்டன், டாம் ஹிக்டன். இருவரும் கணவன் மனைவி; இருவருமே ஆசிரியர்கள். கிட்டிதான் தலைமை ஆசிரியை. டாம் துணை ஆசிரியர். டாமின் அப்பாவும் ஒரு பண்ணைக் கூலித் தொழிலாளிதான்.

இவர்கள் முதலில் வுட் டாலிங் என்ற வேறொரு நார்போக் கிராமத்தில் வேலை பார்த்தார்கள். பள்ளி நேரத்தில் பிள்ளைகளைப் பண்ணைக்காரர்கள் வேலைக்கு இழுத்துக்கொண்டு போவதைக் கிட்டி சும்மா விடவில்லை. புகார் எழுதினார். வம்பு என்னவென்றால், பள்ளியை நிர்வாகம் செய்யும் குழுவில் இருந்தவர்களே அந்தப் பண்ணைக்காரர்கள்தான்! யாரைப் பற்றிப் புகாரோ, அவரிடமே புகார். சண்டை முற்றியது. 'வேலையை விடுகிறீர்களா, வேறு ஊருக்குப் போகிறீர்களா?' என்று மேலிடத்தில் கேட்டார்கள். அப்படித்தான் 1911ம் ஆண்டு இருவரும் பர்ஸ்டன் வந்து சேர்ந்தார்கள்.

பர்ஸ்டன் பள்ளிக்கூடத்தில் ஈரம், குளிர், போதாத வெளிச்சம். கிட்டி மறுபடியும் புகார் எழுதத் தொடங்கினார். டாமும் கிட்டியும் எதையும் எளிதில் விட்டுக்கொடுக்கிற ரகம் இல்லை. 'கொஞ்சம் பக்குவமாகப் பேசியிருக்கலாமே' என்று அவர்களைப் பற்றி இன்றைக்கும் சொல்கிறவர்கள் உண்டு. ஆனால், பிள்ளைகளுக்கு அவர்கள் மேல் உயிர். ஏழைப் பிள்ளைகளுக்குத் தன் கைக்காசைப் போட்டு காலணியும் துணிமணியும் வாங்கித் தரும் டீச்சரை யாருக்குத்தான் பிடிக்காது?

அதே 1911ல் ஊருக்குப் புதிதாக ஒரு பாதிரியாரும் வந்தார். அவர் பெயர் ஈலண்ட். அவருக்கு ஆண்டுக்கு 581 பவுண்டு சம்பளம். ஊரில் ஒரு கூலித் தொழிலாளிக்கு ஆண்டு முழுவதும் உழைத்தால் கிடைத்தது சுமார் 35 பவுண்டு. எத்தனை மடங்கு என்று வகுத்துப் பாருங்கள்! பாதிரியார்தான் பள்ளி நிர்வாகக் குழுவின் தலைவர். ஊரில் அவர் சொன்னதுதான் சட்டம்.

டாம் சும்மா இருப்பாரா? பண்ணைத் தொழிலாளர்களுக்குச் சங்கம் சேர்த்தார். 1913ம் ஆண்டு ஊர் மன்றத் தேர்தல் வந்தபோது தானும் நின்று, தொழிலாளர்களையும் நிற்க வைத்தார். முதல் இடம் டாமுக்கு! பாதிரியாரோ தோற்றுப் போனார். அன்றைக்கே டாம், கிட்டியின் வேலைக்கு வேட்டு வைக்கப்பட்டுவிட்டது என்று சொல்லலாம்.

நனைந்த சட்டையும் ஒரு நெருப்பும்

ஒரு நாள் நல்ல மழை. 3 மைல் தூரம் நடந்து வந்த பிள்ளைகள் தொப்பலாக நனைந்திருந்தார்கள். இங்கிலாந்துக் குளிரில் ஈர உடையோடு நாள் முழுக்க உட்கார்ந்திருந்தால் என்ன ஆகும்? கிட்டி டீச்சர் அடுப்பில் நெருப்பு மூட்டி அவர்களுடைய துணிகளைக் காய வைத்தார்.

இது ஒரு குற்றமாம்! நிர்வாகக் குழுவின் அனுமதி இல்லாமல் நெருப்பு மூட்டிவிட்டாராம்!

அடுத்து இன்னொரு குற்றச்சாட்டு வந்தது. அனாதை இல்லத்தில் இருந்து வந்து அந்த ஊரில் வளர்ந்த 2 சிறுமிகளைக் கிட்டி அடித்துவிட்டார் என்றார்கள். கிட்டி அதை மறுத்தார். 'எங்கள் டீச்சர் அப்படிச் செய்கிறவர் இல்லை' என்று மற்ற பிள்ளைகளும் பெற்றோரும் அடித்துச் சொன்னார்கள். விசாரணை நடந்தது. முடிவு டீச்சருக்கு எதிராக வந்தது. 1914, மார்ச் 31ம் தேதியோடு டாமுக்கும் கிட்டிக்கும் வேலை போய்விட்டது.

பெரியவர்கள் திடலில் கூடிப் பேசினார்கள். சிறியவர்களும் ஒரு முடிவு எடுத்துவிட்டார்கள். 'நாளைக்கு வேலைநிறுத்தம்' என்று வகுப்புக் கரும்பலகையில் எழுதி வைத்துவிட்டே வீட்டுக்குப் போனார்கள். சொல்லாமல் கொள்ளாமல் மட்டம் போடவில்லை, முறைப்படி நோட்டீஸ் கொடுத்துவிட்டார்கள்!

ஊர்வலம்

மறுநாள் காலை. முன்னால் நின்றது வயலட் பாட்டர் என்ற சிறுமி. வயது 13. யார் யார் ஊர்வலத்துக்கு வருகிறார்கள் என்ற பட்டியல் அவளிடம்தான் இருந்தது. 66 பெயர்கள்!

ஊரைச் சுற்றிப் போகும் பாதை ஒன்று இருக்கிறது. வரைபடத்தில் பார்த்தால் அது மெழுகுவர்த்தி வைக்கும் தாங்கி போலத் தெரியும். அதனால் பாதைக்கே 'மெழுகுவர்த்தித் தாங்கி' என்றுதான் பெயர். அந்தப் பாதை வழியாகத்தான் ஊர்வலம் போனது. 'நீதி வேண்டும்' என்று எழுதிய கொடி முன்னால். குட்டிக் குட்டி அட்டைகளோடு பிள்ளைகள் பின்னால். வழியில் பெரியவர்கள் தின்பதற்கும் குடிப்பதற்கும் கொடுத்து உற்சாகப்படுத்தினார்கள்.

இந்த இடத்தில் நீங்கள் ஒன்றை கவனிக்க வேண்டும். பள்ளிக்கூடம் இல்லை, ஜாலி என்று அந்தப் பிள்ளைகள் விளையாடப் போய்விடவில்லை. ஊர்வலம் போன பிள்ளைகளுக்கு டாமும் கிட்டியும் புல்வெளித் திடலிலேயே பாடம் நடத்தத் தொடங்கினார்கள். வருகைப் பதிவேடு உண்டு, கால அட்டவணை உண்டு, கணக்கு உண்டு. பள்ளிக்கூடம் போகாமல் பள்ளிக்கூடம் நடந்தது!

தண்டம் கட்டிய அப்பாக்கள்

பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாதது சட்டப்படி குற்றம். முதலில் 18 பெற்றோர் கோர்ட்டுக்கு இழுக்கப்பட்டார்கள். ஆளுக்கு இரண்டரை ஷில்லிங் அபராதம். அப்போது 20 ஷில்லிங் சேர்ந்தால் ஒரு பவுண்டு. இரண்டரை ஷில்லிங் என்பது ஒரு பண்ணைத் தொழிலாளியின் ஒரு நாள் கூலிக்கும் கொஞ்சம் மேல்.

பயந்து பிள்ளைகளை அனுப்பிவிடுவார்கள் என்று எதிர்பார்த்தார்கள். யாரும் அனுப்பவில்லை. அடுத்த முறை இன்னும் அதிகம் பேருக்கு சம்மன் வந்தது. அபராதம் 5 ஷில்லிங் ஆயிற்று. ஆதரவாளர்கள் ஊர் ஊராகக் காசு சேர்த்துக் கட்டினார்கள். பிள்ளைகள்தான் திடலில் உட்கார்ந்து ஒழுங்காகப் படிக்கிறார்களே, பிறகு எதை வைத்து அபராதம் போடுவது? கடைசியில் அதிகாரிகள் களைத்துப் போய் விட்டுவிட்டார்கள்.

ஆனால், பாதிரியார் களைக்கவில்லை. தேவாலயத்துக்குச் சொந்தமான நிலத்தை ஏழைகள் சிலர் குத்தகைக்கு எடுத்து, காய்கறியும் தானியமும் பயிரிட்டு வந்தார்கள். ஸ்டிரைக்கில் சேர்ந்த குடும்பங்களிடம் அந்த நிலத்தைத் திருப்பிக் கேட்டார். யோசித்துப் பாருங்கள். சமையலுக்கு உருளைக்கிழங்கு தரும் ஒரே துண்டு நிலம் போய்விட்டால், 'டீச்சராவது ஒன்றாவது, பேசாமல் பள்ளிக்கூடம் போ' என்று சொல்லிவிடத் தோன்றாதா? ஊர்வலம் போவது ஒரு நாள் வேலை. இந்தக் குடும்பங்கள் தினம் தினம் அதற்கு விலை கொடுத்தார்கள். அதுதான் எனக்கு ஆச்சரியம்.

பெயர் பொறித்த கற்கள்

திடலில் எத்தனை நாள் உட்கார முடியும்? குளிர்காலம் வருமே! ஊரில் ஒரு தச்சுப் பட்டறை இருந்தது. அது வகுப்பறை ஆனது. நாற்காலி, மேஜைகளை ஊரார் தங்கள் வீடுகளில் இருந்து கொண்டு வந்து கொடுத்தார்கள். மரத்தூள் வாசனையில் வாய்ப்பாடு!

1914 ஆகஸ்டில் முதல் உலகப் போர் தொடங்கியது. ஆனாலும், பர்ஸ்டன் பிள்ளைகளின் கதை நாடு முழுவதும் பரவியது. சுரங்கத் தொழிலாளர்கள், ரயில்வே தொழிலாளர்கள், இன்னும் எத்தனையோ சங்கத்தினர் ஆளுக்குக் கொஞ்சம் காசு அனுப்பினார்கள். 1,250 பவுண்டு சேர்ந்தது. அந்தப் பணத்தில் திடலின் ஓரத்தில், பிள்ளைகளுக்கே சொந்தமாக ஒரு புதுப் பள்ளிக்கூடம் எழுந்தது!

திறப்பு விழா, 1917ம் ஆண்டு, மே 13ம் தேதி. லண்டனில் இருந்தெல்லாம் தலைவர்கள் வந்தார்கள். திறந்து வைத்தது யார் தெரியுமா? அதே வயலட் பாட்டர்தான். 13 வயதில் ஊர்வலத்தின் முன்னால் நடந்தவள், இப்போது வளர்ந்த பெண்!

அந்தக் கட்டடத்தின் முன்சுவரைப் பார்த்தால் ஒரு வேடிக்கை. கற்களில் பெயர் பெயராகப் பொறித்திருக்கும். எல்லாம் நன்கொடை கொடுத்தவர்களின், சங்கங்களின் பெயர்கள். சுவரே ஒரு நன்றிக் கடிதம் போல இருக்கும்.

எமிலியின் புத்தகம்

இத்தனை விவரமும் பெரிய வரலாற்று ஆசிரியர்கள் எழுதித்தான் நமக்குக் கிடைத்தது என்று நினைக்காதீர்கள். ஸ்டிரைக் செய்த 66 பேரில் எமிலி வில்பி என்று ஒருத்தி இருந்தாள். என்ன நடந்தது என்பதை அவள் உட்கார்ந்து எழுதினாள். அது சின்னப் புத்தகமாக அச்சாகி, 'எங்கள் பள்ளி ஸ்டிரைக்' என்ற அர்த்தம் வரும் தலைப்போடு வெளிவந்தது. கமிட்டிக்காரர்களின் அறிக்கை ஒரு பக்கம் இருக்கட்டும். மழையில் நனைந்தது யார், நெருப்பு மூட்டியது ஏன் என்பதெல்லாம் அங்கே இருந்த பிள்ளைக்குத்தானே தெரியும்? இன்றும் பர்ஸ்டன் கதையை எழுத உட்காருகிற எவரும் எமிலி சொன்னதைத் தள்ளிவிட்டு எழுத முடியாது.

உங்கள் பள்ளியில் நடந்ததை நீங்கள் எழுதி வைத்திருக்கிறீர்களா? சும்மா கேட்டேன்!

புதுப் பள்ளிக்கூடம் வருஷக் கணக்கில் நடந்தது. முதலில் ஸ்டிரைக் செய்த பிள்ளைகள் படித்து முடித்துப் போனார்கள். அவர்களுடைய தம்பி, தங்கைகள் வந்தார்கள். பிறகு வெளியூர்ப் பிள்ளைகளும் வந்தார்கள். 1926ம் ஆண்டு இங்கிலாந்தில் சுரங்கத் தொழிலாளர்களுக்கு வேலை இல்லாமல் வீட்டில் அடுப்பு எரியாத நாட்களில், அவர்களுடைய பிள்ளைகள் சிலரும் இங்கே வந்து தங்கினார்கள். அன்றைக்கு அவர்கள் அனுப்பிய காசுக்கு, பர்ஸ்டன் கொடுத்த பதில் அது.

1939ம் ஆண்டு ஆகஸ்டில் டாம் இறந்து போனார். கிட்டிக்கும் வயதாகிவிட்டது, தனியாக நடத்த முடியவில்லை. பள்ளியில் மிச்சம் இருந்தது 11 பேர். அவர்கள் ஊரில் இருந்த அரசுப் பள்ளிக்கே போய்ச் சேர்ந்தார்கள். 25 ஆண்டு ஸ்டிரைக் அன்றோடு முடிந்தது. கிட்டி டீச்சர் 1946ல் காலமானார்.

அந்தச் சின்னக் கட்டடம் இப்போது அருங்காட்சியகம். பழைய புகைப்படங்களை அங்கே பார்க்கலாம். ஒரு படத்தில் பிள்ளைகள் அட்டையும் கொடியுமாக நிற்பார்கள். தலையில் தொப்பி, முகத்தில் ஒரு முறைப்பு! 1984ம் ஆண்டு முதல் செப்டம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமையில் அங்கே கூட்டம் கூடுவது வழக்கம். பிள்ளைகள் அன்று நடந்த அதே மெழுகுவர்த்தித் தாங்கிப் பாதையைச் சுற்றி நடப்பார்கள்.

பர்ஸ்டன் போனால், நீங்கள் தேவாலயத்துத் தோட்டத்துக்கும் ஒரு நடை போய் வர வேண்டும். பாதிரியார் ஈலண்ட் பிரசங்கம் செய்த அதே தேவாலயம்தான். டாமும் கிட்டியும் அங்கேதான் பக்கத்தில் பக்கத்தில் உறங்குகிறார்கள்.